மூன்று மெடல் மாப்பிள்ளை

கல்லேரிப்பட்டில் மாப்பிள்ளை வராமல் கல்யாணம் நடப்பது ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தனாவது பட்டாளத்தில் இருந்தான், பட்டாளத்தானுக்கு முகூர்த்தமும் கிடையாது அமாவாசையும் கிடையாது, லீவு கொடுத்தால் வருவான், கொடுக்காவிட்டால் வரமாட்டான், அதற்காகப் பந்தல் போட்டு, பந்திக்கு அரிசி அளந்து, பெண்ணுக்கு நலங்கு வைத்த பிறகு கல்யாணத்தை நிறுத்த முடியுமா என்று எங்கள் முன்னோர்கள் யோசித்து, யோசித்ததோடு நில்லாமல் அதற்கொரு வழியும் செய்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பட்டாளத்தில் போடுகிற கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மணைமேல் உட்கார்ந்த வாக்கில் நிமிர்த்தி வைத்து, அவன் வாங்கிய மெடல்களை நெஞ்சில் குத்தி, மாலை போட்டு, அவனுடைய அக்காவோ தங்கையோ அவன் சார்பில் மூன்று முடிச்சையும் போட்டுவிடுவார்கள். பிறகு கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆள் வரும்வரை பெண் காத்திருப்பாள். பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு மெடல் ஏது?

ஹவில்தார் தாண்டவராயனுக்கும் அப்படித்தான் கல்யாணம் நடந்தது. ஜெர்மன் சண்டை தொடங்கிய மறுவருடம் வைகாசியில் முகூர்த்தம் வைத்திருந்தோம், லீவு ரத்தாகி அவன் பஸ்ராவுக்குக் கப்பலேறிவிட்டான், கோட்டு மட்டும் காலில் அடிபட்டு ஊர் திரும்பிய ஒருத்தன் கையில் வந்து சேர்ந்தது. கோட்டுப் பையில் மூன்று மெடல்கள் துணியில் சுற்றிக் கிடந்தன. முதலாவதில் முக்காடு போட்ட கிழட்டு ராணி, அது சீனத்துச் சண்டைக்குக் கொடுத்தது. இரண்டாவதில் தாடி வைத்த ராஜா, திருப்பிப் பார்த்தால் மலைமேல் ஒரு கோட்டை, அது திபெத்துப் பனியில் மூக்கு வெடிக்க நடந்து போனதற்கு. மூன்றாவதிலும் அதே தாடி ராஜாதான், அது வடமேற்கு எல்லையில் பட்டாணியர் ஊர்களுக்குப் போய் வந்ததற்கு. மூன்றின் விளிம்பிலும் தாண்டவராயனின் பெயரும் நம்பரும் வெட்டியிருந்தது. அவன் இருந்தது பாலம் கட்டுகிற, ரோடு போடுகிற, மேலே இருந்து உத்தரவு வந்தால் எதிராளி கட்டியதை வெடி வைத்துத் தகர்க்கிற பட்டாளம்.

தாலி கட்டியது அவனுடைய அக்கா நாகபூஷணம். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். பதினெட்டு வயதில் அவன் பட்டாளத்துக்கு ஓடுகிறவரை மூன்று வேளையும் தெருமுனையில் நின்று அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட வாய் அவளுடையது, அந்த வாய்தான் தப்புச் செய்தது. எத்தனையோ கோட்டுகளை மணையில் உட்கார வைத்திருக்கிறோம், ஒரு கோட்டையும் யாரும் பந்திக்குக் கூப்பிட்டதில்லை, கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவுமில்லை. நாகபூஷணம் மூன்றாவது முடிச்சைப் போட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கோட்டைப் பார்த்து, "எழுந்து வாடா தம்பி, சாப்பிடலாம்" என்றாள்.

கோட்டு எழுந்து வந்தது.

மூன்று மெடல்களும் ஒன்றோடொன்று இடித்துக் கிணிகிணியென்று சத்தம் போட, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல், இடுப்புக்குக் கீழ் ஒன்றுமில்லாமல், பந்தலின் ஈரமண்ணில் பூட்ஸ் தடம் மட்டும் அழுத்தமாகப் பதிய, நேராக நடந்து போய்ப் பந்தியில் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவன் கொஞ்சம் தயங்கி, பிறகு சாம்பாரை ஊற்றினான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், ஆனால் அவர்கள் பேசியது கோட்டு எப்படி எழுந்தது என்பதைப் பற்றி அல்ல, மாப்பிள்ளை இப்படி அரையில் துணியில்லாமல் பெண்ணோடு ஊர்வலம் போனால் ஊர் மானம் என்னாவது என்பதைப் பற்றி. நாகபூஷணம் ஓடிப்போய் எட்டு முழ வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கோட்டின் கடைசிப் பொத்தானுக்குக் கீழே சுற்றிக் கட்டினாள். நின்றது. அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மற்ற பிரச்சினைகளும் ஒவ்வொன்றாகத்தான் தீர்ந்தன. சவரத்துக்கு வந்த நாவிதர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தலை இல்லாத குடும்பஸ்தனுக்கு என்ன செய்வது என்று ஒரு கணம் கலங்கி, பித்தளைப் பொத்தான்களைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து அது அவர் முறையாகிவிட்டது. மாரியம்மன் கோயிலில் பரிவட்டம் கட்டும்போது பூசாரி கோட்டின் காலரில் கட்டினார். சாப்பாட்டுக்கு இலை போட்டால் ஒரு ஆள் சாப்பிடுகிற நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிடும், இலையில் இருந்தது அப்படியே எருமைத் தொட்டிக்குப் போகும். மெடல்களைப் பச்சையம்மாள்தான் புளி போட்டுத் துலக்குவாள். பச்சையம்மாள் என்பது கல்யாணப் பெண், பக்கத்து ஊரான புங்கந்தாங்கலில் இருந்து எடுத்த பெண்.

அந்தக் கோட்டினால் ஊர் அடைந்த நன்மையைச் சொல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. வருகிற வெள்ளத்தில் எல்லாம் துண்டாகிப் போகிற எங்கள் ஓடைக்குக் குறுக்கே, கருங்கல்லைப் பிளந்து, சரிவு பார்த்து, மதகு விட்டு, மாட்டுவண்டி இரண்டு எதிரெதிரே போகிற அகலத்தில் ஒரு பாலம் கட்டியது. பாறை தட்டி நின்றுபோன கிணறுகளில் இறங்கி, துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்துத் தண்ணீர் காட்டியது. விடியும் முன்பு தெருவில் அது நடந்து போகும்போது கிணிகிணி சத்தம் கேட்டு நாங்களும் எழுந்தோம், எங்கள் சோம்பேறிகளும் எழுந்தார்கள். அது குடிக்காது, கை நீட்டாது, கடன் கேட்காது, வம்பு பேசாது, கல்யாணமாகாத பெண்களைப் பெற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். சண்டைக்குப் போன தாண்டவராயன் என்ன ஆனான் என்று முதலில் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தோம், பிறகு கேட்பதை விட்டுவிட்டோம். நல்லதெல்லாம் கோட்டாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டதே, இனி ஆள் வந்து என்ன ஆகவேண்டும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பச்சையம்மாளுக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை.

காரணத்தை அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் தாண்டவராயன் லீவில் வந்திருந்தபோது, முழு உடுப்பில், மூன்று மெடலோடு, மீசையை முறுக்கிக்கொண்டு புங்கந்தாங்கல் ஏரிக்கரை வழியாகப் போயிருக்கிறான். பச்சையம்மாளின் அப்பா வீட்டு எருமை கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. மொட்டைக்கொம்பு என்று பெயர், ஒரு கொம்பு பாதியில் உடைந்தது, ஊரில் ஒருவரையும் முட்டாது, கோழிக்குஞ்சு காலுக்குள் ஓடினாலும் நகராது. என்னவோ அதற்குத் தாண்டவராயனைப் பார்த்ததும் பிடிக்காமல் போய், தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்திருக்கிறது. சீனத்தையும் திபெத்தையும் எல்லையையும் பார்த்த ஹவில்தார் ஒரே தாவில் இலுப்பை மரத்தில் ஏறிவிட்டான். பச்சையம்மாள் வந்து எருமையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள்.

"பட்டாளத்தாரே, இறங்குங்க. அது ஒண்ணும் பண்ணாது."

"அது போயிட்சா?"

"நான் புட்சிக்கினு கீறேன்."

மேலே இலைகளுக்கு நடுவில் இருந்து அவன் முகத்தை நீட்டி, "இந்தா பொண்ணு, யாராண்டயும் சொல்லிடாத" என்றான்.

அவள் அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை. பெண் கேட்டு வந்தபோது உடனே சரி என்றாள். மெடலுக்காகத்தான் பெண் மயங்கிவிட்டாள் என்று இரண்டு ஊரும் பேசிக்கொண்டது. மரத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண்ணிடம் ஒளிக்காமல் பயந்த அந்த முகத்துக்காகத்தான் அவள் சம்மதித்தாள், அது யாருக்குத் தெரியும். சீதனமாக என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோதும், மொட்டைக்கொம்பையே ஓட்டி விடச் சொன்னாள்.

அந்த எருமைதான் அவளுக்கு முதலில் உண்மையைச் சொன்னது. கோட்டு தொழுவத்துக்குள் வந்தால் மொட்டைக்கொம்பு தலையைக் கூடத் தூக்காது. பக்கத்தில் வந்து நின்றால் கோட்டுக் கையை உப்புக்காக நக்கும். பச்சையம்மாள் இதைப் பார்த்துக்கொண்டே பால் கறப்பாள். வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை.

"அண்ணி, ராத்திரியெல்லாம் வாசல்ல காவல் நிக்குதே ஒழிய உள்ள வந்து குந்தி ஒரு வார்த்த பேசலியே" என்று ஒருநாள் நாத்தனாரிடம் சொன்னாள்.

"அவன் சின்ன வயசிலேர்ந்தே அப்டித்தான்" என்று நாகபூஷணம் சொன்னாள். அவன் சின்ன வயதில் வாய் மூடாமல் பேசுவான் என்பது ஊருக்கே தெரியும்.

இப்படியே நாலாவது வருடம் வந்தது, மழை வரவில்லை. எங்கள் ஏரி வெடித்துக் கிடந்தது. மேலே புங்கந்தாங்கல் ஏரியில் மட்டும் அடித்தண்ணீர் கிடந்தது, அவர்கள் மதகைத் திறக்கவில்லை. வழக்கமாக இதுபோல ஆனால் இரண்டு ஊர் பெரியவர்களும் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்து, கோபித்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, கடைசியில் பாதிக்குப் பாதி பேசி முடிப்பார்கள். இந்த முறை எங்கள் நாட்டாமை ஜெயவேலு உட்காரவே இல்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, பாலம் கட்டி, கிணறு வெட்டி, எங்கள் எல்லோருக்குமே அப்போது நெஞ்சு நிமிர்ந்துபோய் இருந்தது. "மூணு சண்ட ஜெயிச்சவரு நம்ம கூட கீறாரு, அந்தப் பசங்களாண்ட நாம கெஞ்சணுமா?" என்று அவர் கேட்டதும், கெஞ்சக் கூடாது என்று நாங்கள் எல்லோரும்தான் கத்தினோம்.

நாட்டாமை கோட்டின் முன்னால் போய் நின்று, புங்கந்தாங்கல் ஏரிக்கரையை வெடி வைத்துத் திறந்துவிட வேண்டும் என்றார். கோட்டு சலாம் வைத்தது. கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டது. எங்கே கரை மெலிவோ அங்கே, அதாவது கீழத்தெருவுக்கு நேர் மேலே, ஆளுயரக் குழிகள் தோண்ட ஆரம்பித்தது. புங்கந்தாங்கல்காரர்கள் தடுக்க வந்தார்கள், மெடல் சத்தம் கேட்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். அதுவரை மெடல் சத்தம் எங்களுக்குக் கோயில் மணி மாதிரிதான் இருந்தது. அது வேறு ஊர்களில் வேறு மாதிரிக் கேட்டிருக்கும் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

கீழத்தெருவில்தான் பச்சையம்மாளின் அப்பா வீடு இருந்தது. அவள் ஏரிக்கரைக்கு ஓடிப்போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். "அது எங்கப்பா வூடு. எங்கம்மா அங்க படுத்த படுக்கையா கெடக்குது. கரைய ஒடைச்சா தெருவே போயிடும். வேணாம் மாமா, வேணாம்" என்று கடப்பாரையைப் பிடித்தாள். கோட்டு வேலையை நிறுத்தி நிமிர்ந்து நின்றது, ஒரு பெண் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அவள் முடித்ததும் சலாம் வைத்துவிட்டு மறுபடியும் குனிந்து தோண்டியது. பச்சையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். அப்புறம் அவள் அழவில்லை.

மறுநாள் சாயங்காலம் திரி வைப்பதாக ஏற்பாடு. அன்று காலையில் ஒரு ஆள் எங்கள் பாலத்தின் மேல் வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான், முன்பற்கள் இல்லை, தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது, போட்டிருந்தது யாரோ கொடுத்த சட்டை. பாலத்தின் நடுவில் நின்று, கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்து, குனிந்து மதகைப் பார்த்து, "யார் கட்டினது? நான் கட்டின மாதிரியே கீது" என்று காய்ந்த ஓடையில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டான்.

நாகபூஷணம் பார்த்ததும் கண்டுகொண்டாள். தெருவில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அலறினாள், அழுதுகொண்டே அவன் நெஞ்சைத் தடவினாள், தடவிய இடத்தில் மெடல் இல்லை என்று கைக்குத் தெரிந்ததும் அவள் அழுகை ஒரு நொடி நின்றுபோனது. அதற்காக அவளை நாங்கள் இன்றும் கோபிக்கவில்லை. நாலு வருடம் ஊரில் அவளுக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் அந்த மூன்று மெடலின் மரியாதை.

ஊர் நாவல் மரத்தடியில் கூடியது. ஏரிக்கரையில் இருந்து கோட்டையும் வரவழைத்தோம். கோட்டு வந்து நின்றதும் தாண்டவராயன் தன்னை அறியாமல் குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்றான். தன்னுடைய கோட்டுக்குத் தானே மரியாதை செய்துகொண்டு நின்ற அவனைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

"உன் மெடலெல்லாம் இதோ கீது. நீ ஏன் இப்படி வந்துகீற?" என்று நாட்டாமை கேட்டார்.

"பட்டாளத்துல என்ன ஜெயில்ல போட்டாங்க, அப்பறம் வேலைய வுட்டே தள்ளிட்டாங்க அண்ணே. மெடலையும் புடுங்கிக்கச் சொல்லி உத்தரவு. அத்த வாங்கிக்கினு போக ஆளு வருது, எனக்குப் பின்னாலயே வந்துகினு கீது."

"இன்னா தப்பு பண்ண?"

தாண்டவராயன் வாயைத் துடைத்துக்கொண்டான். "அந்த ஊர்ப் பேரு வாயில நுழையாது. மண்ணால கட்டின ஒசரமான வூடு ஒண்ணு. அத்த வெடி வெச்சி எறக்கணும்னாங்க. குழி நான்தான் தோண்டுனேன், மருந்தும் நான்தான் கெட்டிச்சேன். திரியப் பத்த வைக்கக் குனிஞ்சா உள்ள ஒரு கொழந்த இருமுது. நெருப்புக்குச்சியப் போட்டுட்டு வந்துட்டேன். ஏன் வந்தன்னு கேட்டாங்க. பயமாயிடுச்சின்னேன்."

"மூணு சண்ட பாத்தவனுக்கு இன்னாய்யா பயம்?"

"அந்த மூணுலயும் பயந்தேன் அண்ணே" என்றான் தாண்டவராயன். "அப்பல்லாம் பத்த வெச்சிட்டேன்."

கோட்டு அசையவில்லை, மூன்றாவது மெடல் மட்டும் காற்றில் லேசாகத் திரும்பித் திரும்பி மின்னியது.

ஆனால் ஊர் என்பது லேசில் விட்டுக்கொடுக்கிற பிராணி அல்ல. நாட்டாமை எழுந்து, தொண்டையைச் செருமி, தாலி கட்டியது கோட்டின் சார்பில்தான் என்றும், நாலு வருடம் குடும்பம் நடத்தியது கோட்டுதான் என்றும், இவன் தாண்டவராயன்தானா என்பதே சந்தேகம் என்றும், அப்படியே இருந்தாலும் பட்டாளம் தள்ளிவிட்டதை ஊர் எடுத்துக்கொண்டால் நாளைக்கு நம் பிள்ளைகளை யார் பட்டாளத்தில் சேர்ப்பார்கள் என்றும் நியாயம் பேசினார். அக்காவே சொல்லட்டும் என்று நாகபூஷணத்தைக் கேட்டோம். அவள் கோட்டைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சரி, ஹவில்தார் போய்த் திரியை வைக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்டாமை சொல்லி முடித்தார். கோட்டு சலாம் வைத்தது.

பச்சையம்மாள் கூட்டத்தில் இல்லை என்பதை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். தெருக்கோடியில் தொழுவத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மொட்டைக்கொம்பு ஆடி அசைந்து வந்தது. நாட்டாமையைத் தாண்டி வந்தது, கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். கோட்டின் பக்கத்தில் வந்து, வழக்கம்போலக் கையை ஒரு நக்கு நக்கியது. பிறகு தலையைத் தூக்கி மூக்கை விரித்தது. நாலு வருடமாக எந்தத் திசையில் இருந்தும் வராத ஒரு வாசனை அதற்கு எட்டியிருக்க வேண்டும். திரும்பித் தாண்டவராயனைப் பார்த்தது. தலையைத் தாழ்த்தியது.

"அய்யோ, இதுவா!" என்று கத்தினான் தாண்டவராயன். ஜெயில் சோறு தின்ற உடம்புக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ, நாங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் நாவல் மரத்தின் இரண்டாவது கவட்டையில் இருந்தான். எருமை கீழே நின்று அடிமரத்தை முட்டியது. பழுத்த நாவல் பழங்கள் பொத்துப்பொத்தென்று நாட்டாமையின் வெள்ளை வேட்டியில் விழுந்தன.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு ஊரே சிரித்தது, நாகபூஷணம் அழுதுகொண்டே சிரித்தாள், பஞ்சத்தில் அப்படி நாங்கள் சிரித்ததில்லை.

பச்சையம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்து நடுவில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"பாத்துக்கினீங்களா? இவருதான் என் வூட்டுக்காரரு. நாலு வருசமா இந்த எருமைக்குத் தெரிஞ்சது உங்க யாருக்கும் தெரியல."

"சண்டைக்கும் பயந்தான், எருமைக்கும் பயந்தான்" என்று நாட்டாமை வேட்டியைத் துடைத்தபடி சொன்னார், ஆனால் அவர் குரலில் பழைய பிடி இல்லை. "இவனாம்மா ஒனக்கு வேணும்?"

"பயப்படறவருதான் மாமா எனக்கு வேணும். இந்தக் கோட்டுக்குப் பயமே கெடையாது. அதான் எங்கம்மா படுத்துக்கினு கீற தெருவுக்கு மேல குழி தோண்டிட்டு வந்து நிக்குது. நாளைக்கு வேற யாராச்சும் சொன்னா நம்ம தெருவுக்கு மேலயும் தோண்டும். இவரு தோண்டுனாலும் திரி வைக்க மாட்டாரு."

எங்கள் சிரிப்பு அங்கங்கே நின்றது. நாங்கள் ஏரிக்கரை இருக்கும் திசையைப் பார்த்தோம், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க மண்ணைப் பார்த்தோம். குழி தோண்டியது கோட்டுதான், தோண்டச் சொன்ன வாய்கள் எல்லாம் அந்த மரத்தடியில்தான் இருந்தன. நாட்டாமை ரொம்ப நேரம் வேட்டியில் இருந்த கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வெத்தலத் தட்ட எடுத்தாங்கடா. புங்கந்தாங்கலுக்குப் போயி ஒக்காந்து பேசுவோம்" என்றார். குழியை மூட ஆள் அனுப்பவும் சொன்னார்.

உச்சிப்பொழுதுக்குப் பட்டாளத்து ஜமேதார் ஒருவர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வயசானவர், வெயிலில் வதங்கியிருந்தார், மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். மெடல்கள் எங்கே என்று கேட்டவருக்குக் கோட்டைக் காட்டினோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "எழுந்துட்டுதா? இந்த ஜில்லாவுல இந்த மாதிரி இன்னும் ரெண்டு இட்டுக்கினு போயிருக்கேன்" என்று சொல்லி, மீசையைத் துடைத்துவிட்டு, பாதையின் நடுவில் நின்று பெயரையும் நம்பரையும் உரக்கக் கூப்பிட்டார்.

கோட்டு ஒரு கணம் எங்களைப் பார்த்து நின்ற மாதிரி இருந்தது, அல்லது நாங்கள் அப்படி நினைத்துக்கொண்டோம். நாகபூஷணம் ஓடிப்போய் அதன் கையைப் பிடித்து, "தம்பி, சாப்ட்டுட்டுப் போடா" என்றாள். கோட்டு அவளுக்கும் ஒரு சலாம் வைத்தது. வேட்டியை அவிழ்த்து, நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தது, அது ஊர் கொடுத்தது, பட்டாளத்துச் சாமான் இல்லை. பிறகு பித்தளைப் பொத்தான்கள் மின்ன, மெடல்கள் கிணிகிணியென்று ஒலிக்க, தான் கட்டிய பாலத்தின் மேல் வண்டிக்குப் பின்னால் நடந்து போனது. நாவிதர் தன் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாங்களும் அழுதோம், அதை மறைக்கவில்லை. நல்ல கோட்டு அது, யார் சொன்னாலும் செய்யும், அதுதான் அதன் குறை. அந்தச் சத்தம் புளியந்தோப்பைத் தாண்டி மறைந்த பிறகு ஊரில் விடிகிற நேரமே கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

பாலம் இன்றும் இருக்கிறது. வண்டி போகிறது, பஸ்ஸும் போகிறது.

எல்லாம் முடிந்து ஊர் மூச்சு விட்டபோதுதான் தாண்டவராயன் இன்னும் மரத்திலேயே இருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது. கீழே மொட்டைக்கொம்பு அசை போட்டுக்கொண்டு, போகிற எண்ணமே இல்லாமல் படுத்திருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, பெண்கள், பிள்ளைகள், நாட்டாமை, கைத்தடி ஊன்றிய கிழவர்கள், வெற்றிலைத் தட்டோடு புறப்பட்டவர்கள் எல்லோரும் வட்டமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எருமையின் காதைப் பிடித்தாள்.

மேலே இலைகள் விலகின. நாவல் பழம் அப்பி ஊதாவாகிப்போன இரண்டு பாதங்கள் தெரிந்தன, பிறகு பற்களில்லாத அந்த முகம் தெரிந்தது.

"அது போயிட்சா?"

"நான் புட்சிக்கினு கீறேன்" என்றாள் அவள்.

அவன் கீழே நின்ற எங்கள் முந்நூறு தலைகளையும் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தான். நாலு வருடத்தில் அவளுக்கு நரை ஒன்றிரண்டு வந்திருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது.

"யாராண்டயும் சொல்லிடாத" என்றான்.

"சொல்லமாட்டேன்" என்றாள் பச்சையம்மாள். "எறங்கி வாங்க, சாப்புடலாம்."

அவன் இறங்கி வந்தான்.